செல்லையாவின் நெஞ்சில் வைத்த சிப்பு

இதய நோயாளிகளைப் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். ஓய்வு பெற்ற டாக்டர் எழுதுகிறார் என்றதும், 'எங்கள் காலத்தில் நாடியைப் பிடித்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்தோம்' என்று ஆரம்பிப்பார் என நினைத்துப் பக்கத்தைப் புரட்டப் போவீர்கள். பொறுங்கள். நாடியைப் பிடித்து நாங்கள் கண்டுபிடித்ததைவிடக் கண்டுபிடிக்காமல் விட்டதுதான் அதிகம். புது இயந்திரங்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவற்றைப் பார்த்து வாயைப் பிளக்கிற வழக்கமும் கிடையாது.

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். கூடலூரில் இருந்து ஆண்டிபட்டி வரைக்கும் உள்ளவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். என் கடைசிச் சில ஆண்டுகளில்தான் அந்தச் சின்னக் கருவி எங்களிடம் வந்து சேர்ந்தது. நெஞ்சின் இடது பக்கம், தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவோம். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். இரண்டு மூன்று ஆண்டுகள் உள்ளேயே கிடந்து இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டிருக்கும். ஏதாவது தாறுமாறாக நடந்தால் பதிந்து வைத்து, படுக்கைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பெட்டி வழியாக நமக்கு அனுப்பும். அதன் நிஜப் பெயரை நம் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'நெஞ்சுல சிப்பு வச்சிருக்காக' என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

சிப்பு யாருக்கு என்றால், காரணம் தெரியாமல் மூளையில் அடைப்பு வந்தவர்களுக்கு. இதயத்தின் மேலறை சில நேரம் ஒழுங்காகத் துடிக்காமல் வெடவெடவென்று நடுங்கும். நாம் ஏ.எஃப். என்போம். அப்போது அங்கே ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி புறப்பட்டுப் போய் மூளையில் அடைக்கிறது. நாம் ஈ.சி.ஜி. எடுக்கும் நேரத்தில் இதயம் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் உள்ளேயே ஓர் ஆளை உட்கார வைக்கிறோம். நடுக்கம் இருப்பது உறுதியானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுக்கிறோம். அந்த மாத்திரை மூளையைக் காப்பாற்றும். உடம்பில் வேறெங்காவது புண் இருந்தால் அங்கே ரத்தம் நிற்காமல் கொட்டவும் வைக்கும். பாடப் புத்தகத்தில் இவை இரண்டு வரிகள். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிப்பது அவ்வளவு சுலபமில்லை.

செல்லையா ஓடைப்பட்டிக்காரர். அறுபதைத் தாண்டியவர். சொந்தமாகத் திராட்சைத் தோட்டம். ஒரு நாள் கமிஷன் கடையில் விலை பேசிக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் நின்றுவிட்டார். கை கால் நன்றாக இருந்தது. ஆட்களை அடையாளம் தெரிந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. எங்களிடம் கொண்டுவந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வழிய மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி பெயர் தாயம்மாள். "என் பேரு கூட வரமாட்டேங்குது டாக்டரம்மா. 'த்தா... த்தா...'ங்கிறாக, அதுக்கு மேல வரல" என்றார் அந்த அம்மா. ஒரு வாரம் போல இருந்து, பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. எல்லாச் சோதனையும் செய்தோம். காரணம் அகப்படவில்லை. எனவே ஆஸ்பிரின் கொடுத்து, சிப்பும் வைத்தோம்.

வீட்டுக்குப் போகிற அன்று அவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "இன்னொருக்கா வந்தா பேச்சு திரும்புமா?"

"திரும்பாமலும் போகலாம்" என்றேன். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.

அவருக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரத்த வாந்தி எடுத்து வேறொரு மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். வயிற்றுப் புண். தோள்பட்டை வலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கித் தின்ற வலி மாத்திரைகள்தான் காரணம். தோள்பட்டை ஏன் வலித்தது என்றால், கவாத்து. திராட்சைக் கொடி தலைக்கு மேலே பந்தலில் படர்ந்து கிடக்கும். கவாத்து சமயத்தில் அதற்குக் கீழே அண்ணாந்து நின்று, இடது கையால் கொடியை இழுத்துப் பிடித்து, வலது கையில் உள்ள கத்திரியால் வெட்டிக்கொண்டே போக வேண்டும். காலையில் தூக்கிய கை மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்கும். பிறகு மறுபடி சாயங்காலம் வரைக்கும். ஓர் ஏக்கரை இப்படி முடித்துப் பாருங்கள், உங்கள் தோளும் மாத்திரை கேட்கும்.

எங்கள் மருத்துவமனையில் அப்போது பிரவீன் என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். கெட்டிக்காரர், வேகமானவர். சிப்புகளில் இருந்து வரும் பதிவுகளைப் பார்ப்பது அவருடைய பொறுப்பு. செல்லையாவிடம் இருந்து முதலில் சில வாரங்கள் எந்தப் பதிவும் வரவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்ன பெட்டியைக் கேபிள் டிவி பெட்டி என்று நினைத்து ஹாலில் டிவிக்கு மேல் வைத்திருந்தார்கள். அதைச் சரிசெய்து கொஞ்ச நாளில் கவாத்து தொடங்கியது. பதிவுகள் வந்து குவிந்தன. தினமும் ஏ.எஃப்., மணிக்கணக்கில் ஏ.எஃப். என்று கணக்குப் போட்டுக் காட்டியது இயந்திரம்.

பிரவீன் என் அறைக்கு ஓடிவந்தார். "மேடம், ஓடைப்பட்டிக்காரருக்குக் காரணம் கிடைச்சிருச்சு. இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."

"படத்தைப் பார்த்தீங்களா, கணக்கை மட்டும் பார்த்தீங்களா?"

கணக்கைத்தான் பார்த்திருந்தார். பதிவான துடிப்புப் படங்களைத் திறந்தோம். கோடு முழுக்கப் புல் முளைத்த மாதிரிக் கிறுக்கல். துடிப்பு எது, கிறுக்கல் எது என்று இயந்திரத்துக்கே தெரியவில்லை. நேரத்தைப் பார்த்தேன். எல்லாம் பகலில். மதியம் ஒரு மணிநேரம் ஒன்றுமே இல்லை, பிறகு மறுபடி தொடங்குகிறது.

"இதயம் மதியச் சாப்பாட்டுக்குப் போயிட்டு வருமா பிரவீன்?" என்று கேட்டேன்.

செல்லையாவை வரச் சொன்னோம். சிப்பில் ஓடுவது அப்படியே திரையில் தெரியும்படி வைத்துக்கொண்டு, கவாத்து செய்வதுபோலக் கையைத் தூக்கச் சொன்னேன். இடது கையால் இல்லாத கொடியை இழுத்தார். திரை முழுக்கப் புல். கையை இறக்கினார். சுத்தமான, ஒழுங்கான துடிப்பு. மறுபடி தூக்கினார், மறுபடி புல். சிப்புக்கு அடியில் இருக்கும் நெஞ்சுத் தசை இழுபடுவதை அது இதயத்தின் கோளாறு என்று எழுதிக்கொண்டிருந்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் செல்லையாதான்.

"நான் வேலை பாக்குறேனா, சும்மா உக்காந்திருக்கேனான்னு உளவு பாக்குதா இது? எங்க ஆத்தாளுக்குப் பெறகு இதுதான் டாக்டரம்மா."

மாத்திரை எழுதவில்லை. ஏற்கெனவே வயிற்றில் ரத்தம் கொட்டியவருக்குத் தேவையில்லாமல் அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிரவீன் இரண்டு நாள் முகம் வாடிப்போய்த் திரிந்தார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கதையில் நான் பெரிய கெட்டிக்காரி. கூட்டங்களில் இந்த இடம் வரைக்கும் மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கியும் இருக்கிறேன். ஆனால் உங்களுக்குச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

எங்கள் இடத்தில் 'பந்தல்' என்பது ஒரு பேச்சு வழக்காகிவிட்டது. யாருடைய பதிவில் கிறுக்கல் வந்தாலும், அவர் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவராக இருந்தாலும் சரி, 'இது பந்தல்தான், சிஸ்டர். தள்ளுங்க' என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. அடுத்த கவாத்து வந்தது. செல்லையாவின் பதிவுகள் மறுபடி குவிந்தன. பிரவீன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டு, "பந்தல் சீசன் ஆரம்பிச்சிருச்சு மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு வெளி நோயாளிகள் குறைவு. அதனால் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தேன். இதில் பெரிய அறிவு எதுவும் இல்லை. எனக்குக் கணினியில் வேகம் வராது, ஒன்றொன்றாகத்தான் திறக்கத் தெரியும். புல், புல், புல். நடுவில் ஒன்று மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கியிருந்தது. கை கீழே இருக்கும் நேரம். கோடு சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு துடிப்பும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஒரு கணக்கும் இல்லை. துடிப்புக்கு முன்னால் வர வேண்டிய சின்ன அலையும் இல்லை. அது பிற்பகலில் கை தூக்கியபோதெல்லாம் புல்லுக்கு அடியிலும் தொடர்ந்து ஓடி, அவர் வேலை முடித்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் நின்றிருந்தது. இது பந்தல் இல்லை.

பிரவீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீங்கதானே மேடம் சொன்னீங்க..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

முதல் தடவை அவர் இயந்திரத்தை நம்பினார். இரண்டாவது தடவை என்னை நம்பினார். இரண்டு தடவையும் படத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் நம்புங்கள், ஆனால் பார்த்துவிட்டு நம்புங்கள். இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன்.

மறுநாளே செல்லையாவும் தாயம்மாளும் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். போன தடவை போல இல்லை, இது நிஜம், இதுதான் அன்றைக்குப் பேச்சைப் பிடுங்கியிருக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போட வேண்டும் என்றேன்.

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நீங்கதான டாக்டரம்மா சொன்னீக, இது கையப் பாத்துப் பொய் சொல்லுதுன்னு. என்னையக் கையத் தூக்கச் சொல்லிக் காமிச்சீக. இன்னைக்கு அதே சிப்பு நெசம் சொல்லுதுங்கிறீக. எத நம்புறது?"

நியாயமான கேள்வி. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். புல் முளைத்தது ஒன்று, சுத்தமாகத் தாறுமாறாக ஓடியது ஒன்று. அவர் பார்த்தார். புல் இருந்த படத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பேசிக்கொண்டே அவர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்த அளவு போன தடவையைவிடக் குறைந்திருந்தது.

"தோள் வலிக்கு என்னண்ணே போடுறீங்க?"

"தைலம் தேய்க்கிறேன்."

தாயம்மாள் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். நான் எதுவும் கேட்காமல் காத்திருந்தேன். நோயாளி பொய் சொல்லும்போது நாம் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும், மீதியை அவரே சொல்லிவிடுவார்.

"கவாத்து நேரத்துல மட்டுந்தான்" என்றார் கடைசியில். "ராத்திரி ஒண்ணு. காலையில ஒண்ணு. இல்லேன்னா கை மேல போகமாட்டேங்குது."

"என்கிட்ட இல்லேன்னாக" என்றார் தாயம்மாள், யாரையும் பார்க்காமல்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். மாத்திரை எழுதாவிட்டால், அடுத்த தடவை ஒரு கட்டி மூளைக்குப் போனால், பேச்சு போனது போனதுதான். மாத்திரை எழுதி, அவர் வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டிருந்தால், வயிற்றில் ரத்தம் கொட்டும். முந்தி ஒரு தடவை கொட்டிய வயிறு. இப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டிருக்கிறது என்று அந்த வெளுத்த இமை சொல்கிறது. ஓடைப்பட்டியில் இருந்து வண்டி பிடித்துத் தேனிக்கு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பிரவீன் என்னை வெளியே கூப்பிட்டார். அவர் பயந்துபோயிருந்தார். "மேடம், எழுத வேண்டாம். ஆஸ்பிரினோட விட்டுரலாம். ப்ளீடிங் ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விடியும்."

நான் மதுரையில் படிக்கும்போது ஒரு பேராசிரியர் இருந்தார். சிரித்துப் பார்த்ததில்லை. நாங்கள் மருந்துச் சீட்டு எழுதும்போது பின்னால் வந்து நின்றுகொண்டு, "இதை யாருக்காக எழுதுற? அவனுக்கா, உன் பயத்துக்கா?" என்பார். எழுதாமல் விட்டாலும் அதே கேள்வியைக் கேட்பார். பிரவீன் பேசும்போது அந்தக் குரல் எனக்குக் கேட்டது. செல்லையா ரத்தம் கக்கினால், அது நாம் எழுதிய மாத்திரை. கீழே நம் கையெழுத்து இருக்கும். அவருக்கு மறுபடி பேச்சு போனால், அது அவர் தலையெழுத்து. யாரும் நம் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். அதனால்தான் நம் பேனா எழுதாமல் இருக்கும் பக்கமே சாய்கிறது. இதை நாம் ஜாக்கிரதை என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கும் அன்றைக்குப் பேனா சாய்ந்தது. எழுதாமல் அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கலாம்.

உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"செல்லையாண்ணே, வயித்துப் புண்ணுக்கு மருந்து இருக்கு. பேச்சு போகாம இருக்கவும் மருந்து இருக்கு. ரெண்டையும் எழுதுறேன். ஆனா வலி மாத்திரை ஒண்ணு கூட வயித்துக்குள்ள போகக் கூடாது."

"அது இல்லாம கையத் தூக்க முடியாதே."

"தூக்க வேண்டாம்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "கவாத்து பாதியில நிக்கிது டாக்டரம்மா. பாதி வெட்டியாச்சு, பாதி நிக்கிது. இப்படியே விட்டா காய் ஒண்ணு போல வராது. இந்த ஒரு கவாத்து முடிச்சுக்கிறேன். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன்."

"நடுக்கம் கவாத்து முடியிற வரைக்கும் காத்திருக்குமா?"

"எங்க அண்ணன் மகனக் கூப்புடுவோம்" என்றார் தாயம்மாள். "சின்னமனூர்ல கவாத்து வேலைக்குத்தான போறான்."

"அவனா? அவன் வேலி வெட்டுற மாதிரி வெட்டுவான். கொடியில துளிர்க்குற எந்தக் கண்ண விடணும், எத எடுக்கணும்னு தெரியாது. நானு நாப்பது வருசமா எவனையும் பந்தலுக்குள்ள விட்டதில்ல." என் பக்கம் திரும்பினார். "என் பந்தல்ல என்னையவே வெளிய நிக்கச் சொல்றீகளா?"

"ஆமா" என்றேன்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பீர்கள். படம் வரைந்திருப்பீர்கள். எனக்கும் நாக்கு நமநமத்தது. ஆனால் ஒருவரிடம் இருந்து அவருடைய வேலையைக் கேட்டு வாங்கும்போது, அவர் யோசிக்கக் கொஞ்சம் இடம் விட வேண்டும். "வெளிய போய் டீ குடிச்சுட்டு வாங்க. ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. வந்து மாத்திரை வேணாம்னாலும் சரி, நீங்க வேணாம்னு சொன்னதச் சீட்டுல எழுதித்தான் அனுப்புவேன்" என்றேன்.

என் ஜன்னலில் இருந்து மருத்துவமனை வாசல் தெரியும். எதிர்க் கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேசச் சொல்லி அனுப்பினேன், ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. அந்த அம்மா டீயைக் குடித்துவிட்டு கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார். செல்லையா தன் இடது தோளைப் பிசைந்துகொண்டு, கம்பம் பக்கம் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை. சட்டைப் பையில் இருந்து வலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பாதி தீர்ந்திருந்தது.

"எழுதுங்க" என்றார்.

எழுதினேன். ஆஸ்பிரினை நிறுத்தினேன். வயிற்றுக்கு மருந்து, உள்ளே காமிரா விட்டுப் பார்க்கவும் ஏற்பாடு. புண் பெரிதாக இல்லை, ஆறும் நிலையில் இருந்தது. அது ஆறுவதற்குச் சில நாள் விட்டு, உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஆரம்பித்தோம். அந்தச் சில நாளும் போன் அடித்தாலே எனக்குத் திக்கென்றது. பிரவீன் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார். அளவு மெதுவாக ஏறியது.

மீதிக் கவாத்தைத் தாயம்மாளின் அண்ணன் மகன் செய்தான். செல்லையா பந்தலுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தாராம். அந்த அறுவடையில் காய் குறைந்துபோனது. அதை என்னிடம் வரும்போதெல்லாம் சொன்னார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை, தகவல் சொல்வதுபோல. எனக்கு என்னவோ திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதன் பிறகு அவர் கத்திரியைத் தொடவில்லை. அவருக்கு ரத்தமும் கொட்டவில்லை, பேச்சும் போகவில்லை. சிப்பு இன்னும் சில தடவை நடுக்கத்தைப் பதிந்து காட்டியது. பிறகு அதன் பேட்டரி தீர்ந்தது. எடுத்துவிட்டோம்.

நம் வேலையின் இந்தப் பகுதியை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். மாரடைப்போடு வந்தவரைக் காப்பாற்றினால் வீட்டார் பழத் தட்டோடு வருவார்கள். வராத பக்கவாதத்துக்கு யார் வந்து நன்றி சொல்வது? அது வந்திருக்குமா என்பதே யாருக்கும் தெரியாது. சிப்புக்கும் தெரியாது. இதயம் என்ன செய்தது என்று அது சொல்லும். நாம் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த இயந்திரமும் சொன்னதில்லை. மருந்தால் ஒருவர் இழந்தது மட்டும் எல்லாருக்கும் தெரியும், முக்கியமாக அவருக்கு.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் செல்லையா மாத்திரைச் சீட்டு வாங்க வந்தார். பிரவீனும் இருந்தார். தாயம்மாள் வழக்கம்போலப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். எல்லாம் பார்த்து முடிந்த பிறகும் செல்லையா எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. நீங்க போயிட்டா அப்புறம் யாரக் கேக்குறது?"

"கேளுங்கண்ணே."

"இந்த மாத்திரைய நான் போடலன்னு வச்சுக்கங்க. எனக்கு மறுபடி வந்திருக்குமா?"

"தெரியாதுண்ணே."

"வராமலேயும் இருந்திருக்கலாம்?"

"இருந்திருக்கலாம்."

"அப்ப..." அவர் தன் கையைப் பார்த்தார். காய்ப்புக் காய்த்த இடமெல்லாம் இப்போது மெத்தென்று ஆகியிருந்தது. "அப்ப நான் கத்திரியக் கீழ வச்சது சும்மாதானோ என்னமோ?"

பிரவீன் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது ஆராய்ச்சியைச் சொல்லி அவரைத் தேற்றுவேன் என்று எதிர்பார்த்தார். ஆயிரம் பேருக்குப் பொருந்துகிற கணக்கு ஒன்றை என்னால் சொல்லியிருக்க முடியும். ஆனால் அவர் ஆயிரம் பேரைப் பற்றிக் கேட்கவில்லை.

"அதுவும் எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். இத்தனை வருஷ அனுபவத்தில் அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் போகப்போகிறோமே என்று இருந்தது.

தாயம்மாள் மடியில் வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"இம்புட்டுக் கேள்வி கேக்குறதுக்கு வாய் இருக்குல்ல" என்றார். "எனக்கு அது போதும். சீட்ட வாங்குங்க, பஸ்ஸு வந்துரும்."

மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.